யாருக்கு யார் மேல் குறை

லிப்ட் மெக்கானிக்குக்குக் கடவுள் நம்பிக்கை நிறைய உண்டு. பைபிள் படிக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயது வரை இதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போவார். காணிக்கை நேரத்தில் இடது பக்க வரிசைகளுக்குப் பை நீட்டுவது அவர் பொறுப்பு. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, கடைசி வார்த்தையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். கல்யாணத்துக்கு வந்த கறுப்புப் பைபிள் ஜிப் வைத்த உறைக்குள் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை என்பதால் அவ்வளவு பத்திரம்.

ஒரு புதன்கிழமை மாலை, நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வயதான அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று போன் வந்தது. மெக்கானிக் மொட்டைமாடியிலிருந்த மெஷின் ரூமுக்கு ஓடி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, லிப்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். பிறகு கீழே வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் வெளியே வந்ததும் அழுவார்கள், இல்லையென்றால் திட்டுவார்கள். இரண்டுக்கும் அவர் தயாராகத்தான் இருந்தார். அந்த அம்மாவோ கைப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியோடு பைபிள் படித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருக்கலாமே, இன்னும் ரெண்டு வசனம் பாக்கி" என்றார். அவர் கண் மெக்கானிக்கின் சாவிக்கொத்தில் தொங்கிய சிலுவைமேல் விழுந்தது. "நம்ம ஆளா நீங்க? அப்ப ஒண்ணு சொல்லுங்க. குழந்தை இயேசுவைப் பாக்க வந்த ஞானிங்க எத்தனை பேரு?"

"மூணு பேரு" என்றார் மெக்கானிக், தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்வதுபோல.

"மேல வாங்க. எங்க போட்டிருக்குன்னு காட்டிட்டுப் போங்க."

மேலே மூன்றாவது மாடியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அதன் வகுப்பறையில்தான் புதன்கிழமைதோறும் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடிப் பைபிள் படித்தார்கள். சுவர் முழுக்கச் சாலை விதிகளின் படங்கள், மூலையில் ஒரு மேஜைமேல் பொருத்திய ஸ்டியரிங். பள்ளியை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்த நர்ஸ் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். லிப்டில் மாட்டிய அம்மா, நீதிமன்றத்தில் முப்பத்துநாலு வருஷம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இவர்களுக்குப் போதகர் யாரும் இல்லை. மாஸ்டர் போட்ட விதி ஒன்று மட்டும் இருந்தது. ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். அதன்பிறகு, எழுதியிருப்பது என்ன என்று மட்டும் பேச வேண்டும். பிரசங்கத்தில் கேட்டது, வீட்டில் அம்மா சொன்னது, படத்தில் பார்த்தது எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இந்த விதிக்குக் காவல் டைப்பிஸ்ட் அம்மாதான்.

மெக்கானிக் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை விரலால் தடவித் தடவித் தேடினார். பரிசு மூன்று இருந்தது. ஆள் கணக்கு எங்கேயும் இல்லை.

"இந்தப் பிரதியில விட்டுப்போச்சோ?" என்று கேட்டார்.

மாஸ்டர் தன் பிரதியை நீட்டினார். அதிலும் இல்லை.

"சின்ன வயசுல ஆலய நாடகத்துல நான் ரெண்டாவது ஞானியா நடிச்சிருக்கேங்க" என்றார் மெக்கானிக் பரிதாபமாக.

"நீங்க நடிச்சது நிஜம்தான். அவங்க எத்தனை பேருங்கறதுதான் தெரியாது" என்றாள் நர்ஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குப் போய் ஜிப் உறையை எடுத்தார். ஜிப் துருப்பிடித்து நகர மறுத்தது. பிளையரால் இழுத்துத் திறந்தார். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி, கொண்டுவந்த பைலைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். கல்யாணப் பைபிள் திறப்பதற்கு வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமை யாரும் கூப்பிடாமலே போனார். அதற்கடுத்த வாரமும் போனார். தெரியாததைத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் போனார். ஆனால் தெரிந்தது என்று வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. 'இது பைபிள்ல இருக்கு' என்று நாற்பது வருஷமாக மற்றவர்களிடம் அடித்துச் சொல்லிவந்த சில விஷயங்கள் அதில் இல்லவே இல்லை. இப்படியெல்லாம் இருக்கவே முடியாது என்று நினைத்த சில அதில் பச்சையாக இருந்தன. எண்ணெய்க் கையோடு மெஷின் ரூமில் நின்றபடி, தன் நம்பிக்கை தன்னுடையதா, யாரோ காதில் போட்டுவிட்டுப் போனதா என்று யோசிப்பார். ஒருநாள் அந்த யோசனையில் எட்டு மாடி லிப்ட் ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓடவிட மறந்து, கீழே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். ஏழாவது மாடிக்காரர் படியிறங்கி வந்து போட்ட போட்டில்தான் சுயநினைவு வந்தது.

இப்படியே நாலு மாதம் போயிற்று. குழு மிக மெதுவாக நகர்ந்து, மலைமேல் இயேசு சொன்ன போதனைகளுக்கு வந்திருந்தது. அன்று டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. படிக்கும் முறை மெக்கானிக்குடையது. காணிக்கை செலுத்தப் போன இடத்தில் சகோதரனோடு உள்ள மனக்குறை நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்று சொல்லும் இடம் அது. மெக்கானிக் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

"என்னங்க?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றார்.

தம்பி அதே ஊரில்தான் இருந்தார். நாற்பது நிமிஷம் வண்டியில் போனால் அவருடைய கண்ணாடிக்கடை வந்துவிடும். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் அடக்கத்துக்குத் தம்பி வரவில்லை, அதுதான் காரணம். பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். தம்பி நிற்க வேண்டிய இடத்தில், இடது பக்கம் பின்னால், பக்கத்து வீட்டுக்காரர் தோள் கொடுத்தார். அவர் குள்ளம். வாசலிலிருந்து வண்டி வரைக்கும் பெட்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. அப்பா கோணலாகப் போகிறாரே என்று முன்னால் தூக்கிக்கொண்டு நடந்த மெக்கானிக்கின் வயிறு எரிந்தது. அன்றைக்கு எரிந்தது பிறகு அணையவே இல்லை.

இப்போது வேதம் போகச் சொல்கிறது. மறுநாள் மத்தியானம், இரண்டு வேலைகளுக்கு நடுவில், கண்ணாடிக்கடைக்குப் போனார்.

தம்பி ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மேஜைமேல் படுக்கவைத்து, மரச்சட்டத்தை அணைத்துப் பிடித்துக் கீறல் போட்டுக்கொண்டிருந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்தார். கை நிற்கவில்லை. கீறல் பாதியில் நின்றால் கண்ணாடி வீண் என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். அதனால் காத்திருந்தார். கீறி முடித்து, கண்ணாடியை விளிம்புக்கு இழுத்து, ஒரு தட்டு. கோடு போட்டதுபோல் பிரிந்தது.

"வா" என்றார் தம்பி. அண்ணே என்று சொல்லவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மெக்கானிக் சொன்னார். "நான் உன்னை மன்னிச்சிட்டேன்."

தம்பி துண்டால் கையைத் துடைத்தார். "எதுக்கு?"

மெக்கானிக் இதை எதிர்பார்க்கவில்லை. "எதுக்கா? அப்பா அடக்கத்துக்கு நீ வரல. அதுக்கு முன்னாடி அவரு ரெண்டு தடவை உன்னைக் கேட்டாரு. சின்னவன் எங்கேன்னாரு. வருவான்பான்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டு போச்சு. நீ வரல."

தம்பி கையிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்தார்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"ரெண்டு தடவை."

"அதையும் நீ எனக்குச் சொல்லல" என்றார் தம்பி. குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, லிப்ட் பக்கத்துல வெச்சு என்ன சொன்னே? 'நீ வந்தா அப்பாவுக்கு மூச்சு ஏறுது, வராதே, எதுவானாலும் சொல்லி அனுப்பறேன்'னு சொன்னே. சொல்லி அனுப்பினியா? நாலு நாள் போன் பக்கத்துலயே இருந்தேன். கடைசியில கடைக்கு வந்த ஒரு ஆளு 'உங்கப்பாவுக்கு இன்னைக்கு அடக்கமாமே'ங்கறான்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"சொன்னே."

"வராதேன்னு நான் எதுக்குடா சொல்லப்போறேன்? சரி, அடக்கம்னு தெரிஞ்சப்புறமாவது வந்திருக்கலாம்ல?"

"வந்தேன். எதிர்ப் பக்கம் டயர் கடை ஓரமா நின்னேன். பெட்டி இடது பக்கம் பின்னால சாஞ்சே வந்துச்சு. அந்த ஆளு எட்டி எட்டிப் பிடிச்சாரு. என் இடத்துல குள்ளமான ஆளை நிக்க வெச்சிருக்கீங்களேன்னு நினைச்சேன்." தம்பி அடுத்த கண்ணாடியை எடுத்தார். "நீ மன்னிச்சதுல எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு வேலை இருக்கு."

மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓட்டினார். அன்றைக்குப் பார்க்க வேண்டிய இரண்டாவது லிப்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருந்தார். பெட்டி சாய்ந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தம்பி அங்கே நின்றிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வார்த்தைகளை மட்டும் அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி நினைவிருக்கிறது. அந்த லிப்டின் கதவு மூடுவதற்கு முன் ஒரு தடவை தயங்கியது நினைவிருக்கிறது, சென்சாரில் தூசி என்று நினைத்தது நினைவிருக்கிறது. அதன்முன் நின்று தன் வாய் என்ன பேசியது என்பது மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தம்பிகிட்ட நான் என்ன சொன்னேன்?"

அவள் காயவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப நீங்க மட்டும் நின்னீங்க. 'அவன்கிட்ட சொல்லிட்டேன்'னு சொன்னீங்க."

"என்ன சொல்லிட்டேன்னு?"

"அதை நான் கேக்கலையே. அன்னைக்கு உங்க முகத்தைப் பாத்து யாரு கேப்பாங்க?" கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு எல்லார்கிட்டயும் ஏதேதோ சொன்னீங்க. என்கிட்டகூடத்தான்" என்றாள். அது என்ன என்று கேட்க மெக்கானிக்குக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை கோபத்தோடுதான் மாடி ஏறினார். டைப்பிஸ்ட் அம்மா காய்ச்சல் தெளிந்து, கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். மெக்கானிக் நடந்ததையெல்லாம் சொன்னார். "அதுல சொன்னபடிதான் செஞ்சேன். எனக்கு அவன்மேல குறை இருக்கு, போய் மன்னிச்சேன். என்னையே குற்றவாளி ஆக்கி அனுப்பிட்டான். இதுக்கு என்ன சொல்றீங்க?"

"எங்க, அந்த இடத்தைப் படிங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மெக்கானிக் படித்தார். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று படித்தார்.

"மறுபடியும் படிங்க."

மறுபடியும் அப்படியே படித்தார். நர்ஸ் தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். மாஸ்டரும் நிமிர்ந்தார்.

"விரலை வெச்சு ஒவ்வொரு சொல்லாப் படிங்க. யாருக்கு, யார்மேல?"

மெக்கானிக் விரல் வைத்தார். கிரீஸ் படிந்த நகம் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. பாதியில் நின்றது. குறை சகோதரனுக்கு. உன்மேல். அவர் தலையைத் தூக்கவில்லை.

"போன வாரமும் இப்படித்தான் படிச்சேனா?"

"தெரியலையே" என்றாள் நர்ஸ். "படிச்சீங்க, நாங்களும் கேட்டோம். யாருக்கும் எதுவும் தோணல. எங்க காதுலயும் அப்படித்தான் விழுந்திருக்கும்."

"கோர்ட்டுல ஒரு சொல்லு இடம் மாறினா ஆளே மாறிடும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. அதை வெற்றியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு நாத்தனார் இருக்கா" என்றார் மெதுவாக.

அந்த ஒரு வரியில் குழு மூன்று வாரம் நின்றது. மெக்கானிக்கின் கேள்வி இதுதான்: நினைவில் இல்லாத குற்றத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? ஆமாம், சொன்னேன் என்றால் அது பொய்யாக இருக்கலாம். சொல்லவில்லை என்றால் அதுவும் பொய்யாக இருக்கலாம்.

"வண்டி மோதினா யாரு தப்புன்னு அப்புறம் பாப்போம். முதல்ல அடிபட்டவனைத் தூக்கணும்" என்றார் மாஸ்டர்.

"அதுக்காக, நான்தான் மோதினேன்னு பொய்யா எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா?" என்றாள் நர்ஸ். "சமாதானத்துக்காகச் சொல்ற பொய் புண்ணை மூடித் தையல் போடற மாதிரி. உள்ள சீழ் வைக்கும்."

டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "'நீ தப்பு பண்ணியிருந்தா'ன்னு இதுல இல்லையே. 'அவனுக்கு உன்மேல குறை இருந்தா'ன்னுதான் இருக்கு. தப்பு யாருதுங்கற பேச்சே இந்த வரியில வரல."

"அப்ப யாரு பக்கம் நியாயம்னு யாரு சொல்றது?" மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. "அவன் என்ன வேணா சொல்லலாம், நான் போய் நிக்கணுமா? நியாயமா இது?"

யாரும் பதில் சொல்லவில்லை. தெரியாததற்குப் பதில் சொல்லாமல் இருக்கும் பழக்கம் அந்த வகுப்பறையில் இருந்தது. அந்தப் பழக்கம்தான் மெக்கானிக்கை அங்கே உட்காரவைத்தது. இல்லையென்றால் எழுந்து போயிருப்பார். அன்று கலைவதற்கு முன், நர்ஸ் எல்லோருக்காகவும் ஜெபித்தாள். "ஆண்டவரே, எங்களுக்குப் புரியல" என்று ஆரம்பித்து, அதற்குமேல் ஒன்றும் வராமல் கொஞ்ச நேரம் நின்று, ஆமென் என்று முடித்தாள். மெக்கானிக் தன் வாழ்நாளில் கேட்டதிலேயே குட்டையான ஜெபம் அது. அதுமட்டும்தான் அவருக்குப் புரிந்தது.

அந்த வாரத்தோடு காலை ஜெபம் அவர் வாயில் ஓடவில்லை. பாதியில் தட்டியது. 'ஆண்டவரே, நான் என்ன சொன்னேன்னு எனக்கு நினைவில்ல, உமக்குத் தெரியும்' என்ற ஒன்றுதான் வந்தது. தனக்கே தெரியாத தன் பேச்சை ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்ற நினைப்பு சில நாள் ஆறுதலாக இருந்தது, சில நாள் பயமாக இருந்தது. எப்போது எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வெகுநேரம் நிற்பதை மனைவி பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு சங்கடம். குறையை வைத்துக்கொண்டு காணிக்கைப் பையைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. ஆலய மூப்பரிடம் தோள்பட்டை வலி என்றார். மூப்பர் நல்ல மனிதர், அடுத்த வாரம் ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வசனத்தைக் கைக்கொள்ளப் போய் இன்னொன்றை மீறியாயிற்று. தைலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறதே என்று மெக்கானிக் திகைத்தார்.

நாலாவது ஞாயிறு, அவருக்குப் பதிலாகப் பை எடுத்துவந்தவர் ஊரில் இல்லை. "தைலம் வேலை செஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே மூப்பர் பையை அவர் கையில் திணித்தார். காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. மெக்கானிக் மூன்று வரிசை நீட்டினார். நாலாவது வரிசை ஓரத்தில், சில வாரமாக இந்த ஆலயத்துக்கு வரத் தொடங்கியிருந்த மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் குனிந்து, "மாஸ்டர், மீதியை நீங்க பாத்துக்கங்க" என்று பையை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே நடந்தார். பாடகர் குழுவில் நின்ற அவர் மனைவி, ஸ்வரம் தவறாமல், கண்ணால் மட்டும் அவரைப் பின்தொடர்ந்தாள். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று சபை நினைத்தது.

தம்பியின் வீடு கடைக்குப் பின்னாலேயே. தம்பி மனைவி கதவைத் திறந்து, ஒரு நொடி நின்று, "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தம்பி சமையலறையில் ஏணிமேல் நின்று புகைபோக்கி விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கையெல்லாம் பிசுக்கு. அவர் இறங்கவில்லை. மெக்கானிக் கீழே நின்றபடியே பேச வேண்டியிருந்தது.

"நான் போன தடவை தப்பாப் படிச்சிட்டு வந்துட்டேன்."

"என்னத்தை?"

"அது இருக்கட்டும். நீ சொன்னதை யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு நினைவு வரல. நீ பொய் சொல்றேன்னு சொல்லல. நான் சொன்னேன்னும் சொல்ல முடியல. ஆனா உனக்கு என்மேல குறை இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்."

தம்பி விசிறியைக் கையில் பிடித்தபடி கீழே பார்த்தார். "இப்ப நீ மன்னிப்புக் கேக்கறியா, கேக்கலையா?"

"தெரியல."

"தெரியாமலா ஞாயித்துக்கிழமை கோயிலை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

"ஆமா."

தம்பி விசிறியை ஏணியின் மேல்படியில் வைத்தார். வெகுநேரம் துணியால் விரல்களைத் துடைத்தார். பிசுக்கு போகவில்லை. "நீ கடைக்கு வந்துட்டுப் போன பிறகு எனக்கும் தூக்கம் போச்சு" என்றார். "ஒம்பது வருஷமா அதை மனசுல ஓட்டிக்கிட்டே இருக்கேன். ஓட்டி ஓட்டி எது நீ சொன்னது, எது நான் சேத்ததுன்னு இப்ப எனக்கே புரியல. 'வராதே'ன்னு சொன்னியா, 'இப்ப வராதே'ன்னு சொன்னியா? இப்பங்கற சொல்லு இருந்துச்சோ என்னவோ. சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

மெக்கானிக்குக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி அடித்துச் சொல்லியிருந்தாலாவது எதிரே ஒரு சுவர் இருந்திருக்கும். இப்போது இரண்டு பேருக்குமே தரை இல்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் தம்பி. "சொல்லி அனுப்பறேன்னே. அனுப்பல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

மெக்கானிக் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அவருக்கும் தெரியும். அப்பா இறந்த அன்று முழுவதும் போன் சட்டைப்பையில்தான் இருந்தது. பெட்டிக்காரருக்கு, போதகருக்கு, வேலை பார்க்கும் கம்பெனிக்கு, எல்லோருக்கும் அவரே சொன்னார். தம்பிக்கு மட்டும் சொல்லவில்லை. அக்கறை இருந்தால் தானாகத் தெரிந்துகொண்டு வரட்டும் என்று நினைத்தார். நினைத்தது இன்றைக்குப்போல் நினைவிருந்தது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அதை ஒரு குற்றமாக எடுத்து வைத்துப் பார்த்ததில்லை.

"ஆமா, அனுப்பல" என்றார். "வேணும்னேதான் அனுப்பல. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்."

தம்பி, "சரி" என்றார். பிறகு விசிறியை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு. சின்னது" என்றார். மெக்கானிக் எடுத்துக் கொடுத்தார். விசிறியை மாட்டி முடிக்கும் வரை ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "என்னை ஆலயத்துலயே விட்டுட்டுப் போனீங்களே, நான் எதுல வருவேன்னு நினைச்சீங்க?" அவளை மாஸ்டர்தான் தன் பயிற்சிக் காரில் கொண்டுவந்து விட்டிருந்தார். அதற்கும் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது, ஆஸ்பத்திரி நாளில் அவளிடம் தான் என்ன சொன்னோம் என்பதையும் கேட்டுவிட்டார். அவள் சொன்னாள். அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாடு அன்று ஆறிப்போயிற்று.

புதன்கிழமை அவர் எல்லாவற்றையும் குழுவில் சொன்னார். சரி என்று தம்பி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மன்னித்துவிட்டேன் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, போதும் நிறுத்து என்றா? ஆளுக்கொன்று சொன்னார்கள். டைப்பிஸ்ட் அம்மா எதுவும் சொல்லாமல், நாத்தனாருக்குத் தான் எழுதியிருந்த கடிதத்தை எடுத்து நீட்டி, அதில் தன் பக்கம் சாய்ந்து எழுதியிருக்கும் வரிகளைக் கோடு போட்டு அடித்துக் கொடுக்கச் சொன்னார். நர்ஸும் மாஸ்டரும் அடித்து முடித்தபோது நாலு வரி மிஞ்சியது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மெக்கானிக் இப்போதும் புதன்கிழமை போகிறார். குழு மத்தேயுவை முடித்து வேறு புத்தகத்துக்குப் போய்விட்டது. அதிகக் கேள்வி கேட்கிறவர் அவர்தான். ஒருமுறை அவரையே நடத்தச் சொன்னார்கள். எழுந்து நின்று, "எனக்கு இதுல ஏழு இடம் புரியல" என்று ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் மூன்றாவது இடத்தைத் தாண்டவில்லை. முன்பெல்லாம் யாராவது நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் கடகடவென்று சொல்வார். இப்போது கொஞ்சம் யோசித்து, "நம்பறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது கம்மிதான்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பை எடுக்கிறார். தோள்வலி பொய் என்று மூப்பரிடம் சொன்னபோது, அவர் தைலத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தம்பி மாதம் ஒரு தடவை, ஞாயிறு மத்தியானம், மனைவியோடு வந்து சாப்பிட்டுப் போகிறார். அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார், எப்போது ஆரம்பித்தார் என்று மெக்கானிக் கவனிக்கத் தவறிவிட்டார். அந்த 'இப்ப' இருந்ததா இல்லையா என்ற பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. கண்ணாடி, லிப்ட், முட்டிவலி என்று பேச்சு ஓடும். ஆலயத்துக்குத் தம்பி வருவதில்லை. மெக்கானிக்கும் கூப்பிட்டதில்லை. கூப்பிடலாமா வேண்டாமா என்று குழுவில் இரண்டு தடவை கேட்டும் தெளிவு கிடைக்கவில்லை.

போன மாதம் தட்டுகள் வைத்த பிறகு, "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாமா?" என்று தம்பியைக் கேட்டார்.

"பண்ணு. சுருக்கமா முடி, பசிக்குது" என்றார் தம்பி.

மெக்கானிக் கண்ணை மூடினார். மனப்பாட ஜெபம் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விட்டுவிட்டு வேறொன்றை ஆரம்பித்தார். நன்றியா, மன்னிப்பா, கேள்வியா, எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றார். பக்கத்தில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. தம்பி சாப்பிடத் தொடங்கியிருந்தார்.